மின்வாரியம் கட்டிய இணையம்

2010 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சாட்டனூகா என்னும் நடுத்தர நகரத்தின் மின்வாரியம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன்னிடம் மின் இணைப்பு பெற்றிருக்கும் எந்த வீடும் எந்தக் கடையும் கேட்டால், நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணையம் தரப்படும். நகர நடுவிலுள்ள வங்கிக்கும் அதே வேகம், மலைச்சரிவில் தனித்து நிற்கும் பண்ணை வீட்டுக்கும் அதே வேகம். தரவிறக்கம், தரவேற்றம் இரண்டுக்கும் ஒரே அளவு. மாதக் கட்டணம் ஏறத்தாழ 350 டாலர். அன்றைக்குப் பெரும்பாலான அமெரிக்க வீடுகளுக்குக் கிடைத்த வேகம் இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அதே ஆண்டு மார்ச் மாதம் வாஷிங்டனிலிருந்து தேசிய அகன்ற அலைவரிசைத் திட்டம் வெளியாகியிருந்தது. 2020க்குள் 10 கோடி வீடுகளுக்கு நொடிக்கு 100 மெகாபிட் வேகம் கிடைக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அதற்கு ஒரு மாதம் முன்பு கூகுள் நிறுவனம், ஜிகாபிட் வலையமைப்பைக் கட்டிப் பார்க்க ஓர் ஊரைத் தேடுவதாக அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் விண்ணப்பித்தன. கான்சாஸ் மாநிலத்தின் தலைநகரான டொபீகா, கூகுளின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக மார்ச் மாதம் முழுவதும் தன் பெயரையே 'கூகுள்' என்று அறிவித்துக்கொண்டது. 2011இல் தேர்வானது கான்சாஸ் சிட்டி. அங்கே முதல் வீடுகளுக்கு இணைப்பு போய்ச்சேர 2012 ஆயிற்று. மற்ற ஊர்கள் ஒரு பெருநிறுவனத்தின் வாசலில் வரிசை கட்டி நின்ற அந்த ஆண்டில் சாட்டனூகா தன் சொந்தக் கம்பங்களில் கம்பி இழுத்து முடித்துக்கொண்டிருந்தது.

இந்த நகரத்தின் கதை வழக்கமாகத் தொழில்நுட்பச் சாதனையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அங்கே பயன்பட்ட கருவிகள் எல்லாம் சந்தையில் எவரும் வாங்கக்கூடியவை. வேறு பல ஊர்களுக்கு இல்லாத மூன்று சாட்டனூகாவுக்கு இருந்தன என்பதே என் வாதம்: கம்பம், பொறுமையான கடன், கண்ணாடியிழையை, அதாவது ஃபைபரை, இணையத்துக்கு முன்பே வேறொரு வேலைக்குத் தேவையாக்கிய ஒரு தொழில். இந்த மூன்றும் 1930களில் எடுத்த ஒரு முடிவிலிருந்து வந்தவை.

பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1933இல், ரூஸ்வெல்ட் அரசு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை உருவாக்கியது. ஆற்றில் அணை கட்டி, வெள்ளத்தைத் தடுத்து, மின்சாரம் எடுத்து, அதைப் பொது மின்வாரியங்கள் வழியாக மக்களுக்கு விற்பது அதன் திட்டம். சாட்டனூகாவில் அப்போது மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது டென்னசி எலெக்ட்ரிக் பவர் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். 1935இல் நகர மக்கள் தங்களுக்கென்று ஒரு பொது மின்வாரியம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். அதே ஆண்டு மாநிலச் சட்டத்தின் மூலம் சாட்டனூகா மின்வாரியம் பிறந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அதை இ.பி.பி. என்பார்கள்.

பிறந்ததும் அதனால் நடக்க முடியவில்லை. தனியார் மின் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. அரசு பணத்தில் அரசு அமைப்பு தங்களோடு போட்டியிடுவது முறையல்ல என்பது அவர்கள் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1939 ஜனவரியில் அந்நிறுவனங்கள் தோற்றன. டென்னசி நிறுவனத்தின் தாய் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர் வெண்டல் வில்கி. அவர் கடைசிவரை போராடி, நல்ல விலை பேசி, ஏறத்தாழ 7.86 கோடி டாலருக்குச் சொத்துகளை விற்றார். அடுத்த ஆண்டே குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்றவரும் அவர்தான். 1939இல் சாட்டனூகாவின் கம்பங்களும் கம்பிகளும் மின்மாற்றிகளும் ஊரின் சொத்தாயின. எழுபது ஆண்டுகள் கழித்து இணையத்துக்காக இதே வாதம், ஏறக்குறைய இதே சொற்களில், மறுபடி நீதிமன்றப் படியேறப்போகிறது.

இடைப்பட்ட காலத்தில் ஊர் வளர்ந்து சரிந்தது. இரும்பு வார்ப்பாலைகளும் சூளைகளும் நிறைந்த நகரம் அது. சுற்றிலும் மலை என்பதால் புகை வெளியேற வழியில்லை. காற்றில் கலந்த தூசியின் அளவில் நாட்டிலேயே மோசமான நகரம் என்று 1969இல் அரசு அறிக்கை சொன்னது. அதைச் செய்தி வாசிப்பாளர் வால்டர் குரோன்கைட் தொலைக்காட்சியில் நாடு முழுவதற்கும் சொன்னார். அதன்பின் காற்று தூய்மையானது, ஆனால் ஆலைகளும் ஒவ்வொன்றாய்ப் போயின. 1980களில் ஊரின் மக்கள்தொகை குறைந்தது. ஆற்றங்கரையை மீட்டு, பெரிய நன்னீர் மீன் காட்சியகம் ஒன்றைக் கட்டி, நகரம் மெல்லத் தலைநிமிர்ந்தது. ஃபைபர் வந்ததால்தான் இந்த நகரம் எழுந்தது என்று எழுதுவோர் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள். பொதுப் பணத்தைப் பொது இடத்தில் போடும் பழக்கம் இந்த ஊருக்கு ஃபைபருக்கு முன்பே இருந்தது.

ஹெரால்ட் டிப்ரீஸ்ட் 1970களின் தொடக்கத்தில் மின்வாரியத்தில் சேர்ந்தவர். 1996இல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்து இருபது ஆண்டுகள் இருந்தார். மின் பொறியாளரின் கவலைகளே அவருடைய கவலைகள். ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் ஒரு பகுதி முழுவதும் இருண்டுவிடும். எங்கே கோளாறு என்று வாரியத்துக்குத் தெரியாது. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகு வண்டி கிளம்பும். ஊழியர் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே போவார். மின்தடையால் தன் பகுதியின் வீடுகளுக்கும் தொழில்களுக்கும் ஆண்டுக்கு 10 கோடி டாலர் அளவில் இழப்பு ஏற்படுவதாக வாரியமே கணக்குப் போட்டிருந்தது. காகித ஆலைக்கும் வார்ப்பாலைக்கும் ஒரு நொடித் தடைகூட ஒரு நாள் உற்பத்தியைக் கெடுத்துவிடும்.

இதற்குத் தீர்வு, கம்பத்தின் மேலேயே சிந்திக்கும் ஸ்விட்சுகளை வைப்பது. கோளாறு எந்த இரண்டு ஸ்விட்சுக்கு இடையில் இருக்கிறது என்று அவை தமக்குள் பேசிக் கண்டுபிடித்து, அந்தத் துண்டை மட்டும் துண்டித்து, மற்ற பகுதிகளுக்கு வேறு வழியில் மின்சாரத்தைத் திருப்பிவிடும். பேச வேண்டுமென்றால் அவற்றுக்கிடையே தகவல் இணைப்பு வேண்டும். ரேடியோ வழியாகவும் செய்யலாம், பல மின் நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. சாட்டனூகா கண்ணாடியிழையைத் தேர்ந்தது. துணைமின் நிலையங்களுக்கிடையே 1990களிலேயே இழை போட்டிருந்தார்கள். அதில் மிஞ்சிய திறனைக் கொண்டு ஊரின் தொழில் நிறுவனங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் விற்றுப் பார்த்தார்கள். தொழில் ஓடியது. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் இழையைக் கொண்டுபோவதென்றால், வீட்டின் வாசல்வரை எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும். வாசல்வரை போன இழையை உள்ளே விடாமல் நிறுத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லை என்பது டிப்ரீஸ்ட்டின் கணக்கு.

தனியார் இணைய நிறுவனத்தால் போட முடியாத கணக்கு இது. இணையம் மட்டும் விற்கும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு தெருவும் தனித்தனியே லாபம் காட்ட வேண்டும். நெருக்கமாக வீடுகள் இருக்கும் தெருவில் கம்பி இழுத்தால் போட்ட காசு வரும். அரை கிலோமீட்டருக்கு ஒரு வீடு என்றிருக்கும் சாலையில் வராது, அதனால் அந்தச் சாலைக்குப் போகாது. மின்வாரியத்துக்கு அந்தக் கடைசி வீட்டிலும் மீட்டர் இருக்கிறது. அந்த மீட்டரைப் படிக்க ஆள் அனுப்புவது நிற்கிறது, அங்கே மின்தடை குறைகிறது, மின்திருட்டு தெரிகிறது. செலவின் ஒரு பகுதியை மின்சாரமே சம்பாதித்துக் கொடுத்துவிடுகிறது. மீதியை இணையம் கொடுத்தால் போதும். ஏறத்தாழ 1,550 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1.7 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும். இதில் ஓர் இணைப்பைக்கூட விடாமல் இழை சென்றதற்கு இதுவே காரணம்.

கம்பம் என்ற ஒன்றை இங்கே நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான கம்பிகள் மண்ணுக்கு மேலே, மரக் கம்பங்களில் போகின்றன. ஒரு கம்பத்தின் உச்சியில் மின்கம்பி, அதற்குக் கீழே பாதுகாப்பு இடைவெளி, அதற்கும் கீழே தொலைபேசி, கேபிள் டிவி நிறுவனங்களின் கம்பிகள். புதிதாக ஒருவர் வந்தால், ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆளை அனுப்பித் தன் கம்பியைச் சற்று நகர்த்திக் கொடுக்க வேண்டும். வருகிறவர் தனக்குப் போட்டியாளர் என்று தெரிந்தபின் அந்த ஆள் சீக்கிரம் வருவாரா?

சாட்டனூகாவிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மாநிலத் தலைநகர் நாஷ்வில் இதற்குப் பதில் சொல்கிறது. 2015 ஜனவரியில் கூகுள் ஃபைபர் நாஷ்வில்லுக்கு வருவதாக அறிவித்தது. உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்றுக்குக் காசு ஒரு தடையாக இருந்திருக்க முடியாது. அது கம்பத்தில் சிக்கிக்கொண்டது. வேலையை விரைவாக்க, ஒரே ஒப்பந்தக் குழு ஒரே முறை ஏறி எல்லாக் கம்பிகளையும் நகர்த்திவிடலாம் என்று 2016இல் நகர மன்றம் விதி இயற்றியது. தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யும் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட்டும் வழக்குப் போட்டன. 2017 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதற்குள் கூகுள், 2016 அக்டோபரில், புதிய நகரங்களுக்குப் போகும் திட்டங்கள் பலவற்றை நிறுத்தி வைத்துவிட்டது. ஒரே மாநிலம், ஒரே மரக் கம்பம். சாட்டனூகாவில் கம்பத்துக்கு உரிமையாளரும் இழை போடுபவரும் ஒருவரே. ஏணி வைத்து ஏறத் தெரிந்த ஊழியர்களும் ஏற்கெனவே அங்கேயே சம்பளம் வாங்குகிறவர்கள்.

பணத்துக்கு வருவோம். 1999இல் டென்னசி சட்டம், நகர மின்வாரியங்கள் கேபிள் டிவியும் இணையமும் விற்கலாம் என்று அனுமதித்தது. கூடவே இரண்டு கட்டுப்பாடுகள். மின்சாரப் பிரிவின் வருமானத்திலிருந்து இணையப் பிரிவுக்கு மானியம் தரக் கூடாது, கடனாகத்தான் தரலாம், அதுவும் வட்டியோடு. இரண்டாவது, தன் மின்விநியோக எல்லைக்குள் மட்டுமே விற்கலாம். இரண்டாவது கட்டுப்பாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2007-08இல் வாரியம் ஃபைபர் திட்டத்தை நகர மன்றத்தின் முன் வைத்தது. கேபிள் நிறுவனங்களின் மாநிலச் சங்கம் 2007இல் வழக்குத் தொடுத்தது. 2008இல் காம்காஸ்ட் தன் பங்குக்கு இன்னொரு வழக்கு. மின்கட்டணம் செலுத்தும் ஏழைக் குடும்பத்தின் பணத்தை எடுத்து இணையத் தொழிலில் சூதாடுகிறார்கள் என்பதே சாரம். இந்த அச்சத்தை வெறும் வணிகத் தந்திரம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தொழில் தோற்றிருந்தால் சுமை ஊர்மக்கள் தலையில்தான் விழுந்திருக்கும். வேறு ஊரில் அப்படி விழவும் செய்தது. நீதிமன்றங்கள் வழக்குகளைத் தள்ளுபடி செய்தன. வாரியம் மின்சார வருமானத்தை ஈடு காட்டிக் கடன் பத்திரங்கள் வெளியிட்டு 15 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது. அவை இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் தீர்க்கும் கடன்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்துக்குக் கிடைக்காத அவகாசம் அது. இணையப் பிரிவு, இழையைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தை மின்சாரப் பிரிவுக்குச் செலுத்த வேண்டும் என்று கணக்கு பிரிக்கப்பட்டது.

பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. 2008இன் நிதி நெருக்கடியை அடுத்து ஒபாமா அரசு கொண்டுவந்த பொருளாதார மீட்புச் சட்டத்தில் மின்கட்டமைப்பை நவீனமாக்க நிதி ஒதுக்கியிருந்தார்கள். 2009 அக்டோபரில் எரிசக்தித் துறை சாட்டனூகா மின்வாரியத்துக்கு 11.15 கோடி டாலர் மானியம் அறிவித்தது. திட்டச் செலவில் ஏறத்தாழ பாதி. பத்தாண்டில் முடிக்க நினைத்திருந்த வேலை மூன்றாண்டுக்குச் சுருங்கியது. இந்த மானியம் இல்லாமல் சாட்டனூகா இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். முழு உண்மை அதுவல்ல. மானியம் வருமுன்பே, 2009 செப்டம்பரில், முதல் வீடுகளுக்கு இணைப்பு தரத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் வேகமும் நிம்மதியும் அந்தப் பணத்தில் வந்தவை. இந்த ஊரை முன்மாதிரி என்று காட்டுபவர்கள் இதைச் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

மின்சாரத்தில் போட்டது எவ்வளவு திரும்பி வந்தது என்பதற்கு ஒரு புயல் சான்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தானியங்கி ஸ்விட்சுகள் கம்பங்களில் ஏறியபின், 2012 ஜூலையில் கடும் காற்று அடித்தது. பழைய அமைப்பாக இருந்தால் இருண்டிருக்கும் வீடுகளில் ஏறத்தாழ பாதிக்கு, யாரும் வண்டியேறிப் போகாமலே மின்சாரம் தப்பியது அல்லது உடனே திரும்பியது. சீரமைப்புச் செலவில் மட்டும் ஏறத்தாழ 14 லட்சம் டாலர் மிஞ்சியதாக வாரியம் கணக்கிட்டது. மீட்டர்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்பத் தொடங்கின.

இனி இழையைப் பற்றிக் கொஞ்சம். தலைமுடி அளவே இருக்கும் கண்ணாடியில் லேசர் ஒளி போகிறது. மின் நிலையத்தில் இருக்கும் ஒரு கருவியிலிருந்து புறப்படும் ஓர் இழை, தெருவில் ஒரு சிறு கண்ணாடிப் பிரிப்பானில் முப்பது வீடுகளுக்கு மேல்கூடப் பிரிகிறது. அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை, பழுதாக அதில் அதிகம் ஒன்றுமில்லை. இருபது கிலோமீட்டர் வரை வழியில் எங்கும் சமிக்ஞையை ஊக்கப்படுத்தாமலே ஒளி போய்ச் சேரும். தாமிரக் கம்பியில் சில நூறு மீட்டரைத் தாண்டினாலே வேகம் விழத் தொடங்கும். கேபிள் டிவி கம்பியோ தெருத்தெருவாக மின்சாரம் கேட்கும் ஊக்கிகளை நம்பியிருக்கிறது. அது வீட்டுக்குள் படம் அனுப்பப் பிறந்த அமைப்பு என்பதால் வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம் எப்போதும் குறுகலாகவே இருந்தது.

வளர்ச்சிக்கு முக்கியமான செய்தி இதில் ஒன்று உண்டு. கம்பத்தில் கட்டிய கண்ணாடி அப்படியே இருக்கிறது, இரு முனைகளிலும் இருக்கும் பெட்டிகள்தான் மாறுகின்றன. 2010இல் 1 ஜிகாபிட். 2015இல் ஒரே இழையில் பல நிற ஒளிகளை அனுப்பும் கருவிகளை மாட்டி 10 ஜிகாபிட். 2022இல் 25 ஜிகாபிட். இவ்வளவு வேகம் சாதாரண வீட்டுக்குத் தேவையா என்றால், தேவையில்லை. ஆனால் செலவின் பெரும்பகுதி கண்ணாடியின் விலையில் இல்லை, அதைக் கம்பத்தில் ஏற்றி வீட்டுச் சுவரில் துளையிட்டு உள்ளே விடும் கூலியில் இருக்கிறது. அந்தக் கூலியை ஒருமுறை கொடுத்தவர் அடுத்த தலைமுறைக் கருவிக்கு மறுபடி கொடுக்க வேண்டியதில்லை என்பதை இந்த மூன்று ஆண்டுகளும் காட்டுகின்றன.

கட்டியதை விற்க வேண்டுமே. 350 டாலருக்கு ஜிகாபிட் வாங்கியவர்கள் மிகச் சிலர். அது விற்பனைக்கு வைத்ததைவிட ஊரின் பெயரை உலகுக்குச் சொல்ல வைத்தது என்று தோன்றுகிறது. வளர்ச்சி கீழ்நிலைத் திட்டங்களில் நடந்தது. 30, 50, 100 மெகாபிட் என்று அடிப்படை வேகத்தைக் கட்டணம் கூட்டாமலே உயர்த்திக்கொண்டு போனார்கள். 2013இல் ஜிகாபிட்டின் விலையை மாதம் 70 டாலருக்கு இறக்கினார்கள். 100 மெகாபிட் அப்போது 58 டாலர். பன்னிரண்டு டாலர் கூடக் கொடுத்தால் பத்து மடங்கு. தரவு அளவுக்கு வரம்பு இல்லை, ஆண்டு ஒப்பந்தம் இல்லை, முதல் ஆறு மாதத்துக்கு ஒரு விலை பிறகு வேறு விலை என்ற பழக்கமும் இல்லை. தொலைபேசியை எடுப்பவர் அதே ஊர்க்காரர். அமெரிக்க நுகர்வோர் கருத்துக்கணிப்புகளில் இணைய நிறுவனங்கள் ஆண்டுதோறும் கடைசி வரிசையில் இருந்தபோது, இந்தச் சாதாரண ஒழுங்குகளே வாடிக்கையாளரை இழுத்தன.

எந்த ஃபைபர் நிறுவனத்துக்கும் உயிர்நாடியான எண் ஒன்று உண்டு: இழை கடந்து செல்லும் நூறு வீடுகளில் எத்தனை வீடுகள் இணைப்பு வாங்குகின்றன என்பது. கம்பி இழுத்த செலவு எல்லா வீட்டுக்கும் ஆகிவிட்டது, வருமானம் வாங்கிய வீட்டிலிருந்துதான். சாட்டனூகாவில் இது சில ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி, 2010களின் முடிவுக்குள் பாதியைக் கடந்து, வாடிக்கையாளர் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல் போயிற்று. இணையப் பிரிவு செலுத்தும் கட்டணத்தால் மின்கட்டணம் இருந்திருக்க வேண்டியதைவிட ஏழு விழுக்காடு குறைவாக இருப்பதாக வாரியம் சொன்னது. ஏழைகளின் மின்கட்டணம் உயரும் என்று தொடுத்த வழக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய எண் இது. 2012இல் எஸ் அண்ட் பி நிறுவனம் வாரியத்தின் கடன் தரமதிப்பீட்டை உயர்த்தியது. காம்காஸ்ட்டும் சும்மா இருக்கவில்லை. 2015இல் அந்த ஊருக்கு நொடிக்கு 2 ஜிகாபிட் சேவையை அறிவித்தது. மின்வாரியத்தின் வாடிக்கையாளர் அல்லாத வீடுகளுக்கும் இந்தப் போட்டியால் பலன் கிடைத்தது.

பொது வலையமைப்பு என்றாலே வெற்றி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. யூட்டா மாநிலத்தின் பிரோவோ நகரம் சாட்டனூகாவுக்கு முன்பே, 2000களின் நடுவில், 3.9 கோடி டாலர் கடனில் தன் வீடுகளுக்கெல்லாம் ஃபைபர் போட்டது. ஆனால் கேபிள், தொலைபேசி நிறுவனங்களின் வற்புறுத்தலில் அந்த மாநிலம் 2001இல் இயற்றிய சட்டம், நகரங்கள் நேரடியாக மக்களுக்கு இணையம் விற்க விடாதபடி கட்டிவைத்திருந்தது. நகரம் கம்பியை வைத்துக்கொண்டு மொத்த விலைக்கு மற்ற சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அவர்களில் சிலர் நொடித்துப்போனார்கள். வருமானம் வட்டிக்கே போதவில்லை. 2008இல் ஒரு நிறுவனத்திடம் விற்றார்கள், அதுவும் தவணை கட்ட முடியாமல் திருப்பிக் கொடுத்தது. 2013இல் அந்த வலையமைப்பு முழுவதையும் கூகுள் ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டது. கடன் மட்டும் நகரத்திடமே நின்றது. அதை அடைக்க ஒவ்வொரு வீட்டின் மாதாந்தரச் சேவைக் கட்டணச் சீட்டிலும் ஐந்து டாலருக்குச் சற்று மேல் சேர்த்திருந்தார்கள். பிரோவோவுக்கும் சொந்த மின்துறை உண்டு. அங்கே சட்டம் கடையைத் திறக்க விடவில்லை.

சட்டம் சாட்டனூகாவையும் கட்டியது, வேறு விதத்தில். மின்விநியோக எல்லைக்குள் மட்டும் என்ற அந்த 1999ஆம் ஆண்டு நிபந்தனை. எல்லைக்கு அப்பால், பிராட்லி மாவட்டம் போன்ற பக்கத்து ஊர்ப்புறங்களில், தொலைபேசிக் கம்பியின் மெதுவான இணைப்பும் செயற்கைக்கோளும்தான் கதி என்று இருந்த குடும்பங்கள் உண்டு. சாலையின் அந்தப் பக்கத்து வீட்டில் ஜிகாபிட், இந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அவர்கள் மின்வாரியத்துக்கு எழுதினார்கள், வந்து இணைப்பு கொடுங்கள் என்று. வாரியமும் தயாராக இருந்தது. சட்டம் இல்லை என்றது. தனியார் நிறுவனங்களுக்கு அங்கே போகத் தடை ஏதுமில்லை, ஆனால் அவர்கள் போகவில்லை.

2014 ஜூலையில் சாட்டனூகா மின்வாரியமும், இதே போன்ற வலையமைப்பு நடத்திய வட கரோலினாவின் வில்சன் நகரமும், தங்கள் மாநிலங்கள் விதித்த தடைகளை நீக்கக் கோரி கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தில் மனுச் செய்தன. 2015 பிப்ரவரி 26 அன்று ஆணையம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அந்த மாநிலச் சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. இணைய நடுநிலை விதிகள் நிறைவேறியதும் அதே நாளில் என்பதால் இந்தச் செய்தி உரிய கவனம் பெறவில்லை. டென்னசி மாநில அரசு மேல்முறையீடு செய்தது. ஒரு நகரம் என்பது மாநிலத்தின் படைப்பு, அதற்கு எவ்வளவு அதிகாரம் தருவது என்பது மாநிலத்தின் விருப்பம், அதில் வாஷிங்டனின் ஆணையம் தலையிட வேண்டுமானால் நாடாளுமன்றம் தெளிவாக அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்றது மாநிலம். 2016 ஆகஸ்டில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பொது வலையமைப்பு நல்லதா கெட்டதா என்பது நீதிபதிகள் முன்னிருந்த கேள்வியல்ல, அதிகாரம் யாருக்கு என்பதே கேள்வி. சட்ட அளவில் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். பிராட்லி மாவட்டத்துக் குடும்பத்துக்கு அதனால் இணைப்பு வரவில்லை.

2017இல் மாநிலச் சட்டமன்றம் வேறொரு வழி கண்டது. ஊர்ப்புற மின் கூட்டுறவுச் சங்கங்கள் இணையம் விற்கலாம் என்று அனுமதித்து, இணையமில்லாத பகுதிகளில் கம்பி இழுக்கும் நிறுவனங்களுக்கு மானியமும் வரிச்சலுகையும் அறிவித்தது. நகர மின்வாரியங்களின் எல்லையை மட்டும் நகர்த்தவில்லை. மானியம் கேட்காமலே போகத் தயாராக இருந்தவரை நிறுத்திவைத்துவிட்டு, போக மறுத்தவர்களுக்கு வரிப்பணத்தைத் தரும் ஏற்பாட்டை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சாட்டனூகாவின் பொருளாதாரப் பலன் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, அந்த ஊரின் டென்னசி பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பென்ட்டோ லோபோ 2020இல் வெளியிட்டது. முதல் பத்தாண்டில் ஏறத்தாழ 269 கோடி டாலர் பலன், 9,500க்கும் மேற்பட்ட வேலைகள் என்கிறது. இந்த எண்களைக் கொஞ்சம் நிதானத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபோக்ஸ்வாகன் கார் ஆலை அந்த ஊரைத் தேர்ந்தது 2008இல், ஃபைபர் இயங்கத் தொடங்குமுன். எந்த வேலை இழையால் வந்தது, எந்த வேலை எப்படியும் வந்திருக்கும் என்று பிரித்துக் காட்டுவது எந்தப் பொருளியலாளருக்கும் கடினம். அந்தத் தொகையில் எனக்கு உறுதியாகப் படுவது தவிர்க்கப்பட்ட மின்தடைகளின் மதிப்பு. அது ஸ்விட்ச் ஸ்விட்சாக அளந்து எடுத்தது.

2020இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது இந்த நகரத்தின் பெருமைக்கு ஒரு சோதனை வந்தது. நாட்டிலேயே முதலில் எல்லா வீட்டு வாசலுக்கும் ஜிகாபிட் கொண்டுவந்த ஊர். ஆனால் சாட்டனூகா அடங்கிய ஹாமில்டன் மாவட்டத்தின் பொதுப் பள்ளிகளில் ஏறத்தாழ 28,000 பிள்ளைகள் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலரின் வீட்டுக்கு வெளியே கம்பத்தில் இழை பத்து ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாதம் 58 டாலர் கொடுக்க வழியில்லாததால் அது உள்ளே வரவில்லை.

அந்த ஜூலையில் மின்வாரியமும் பள்ளிகளும் சேர்ந்து ஒரு திட்டம் அறிவித்தன. தகுதியுள்ள ஒவ்வொரு மாணவரின் வீட்டுக்கும் இருபுறமும் 100 மெகாபிட் வேகம், ரௌட்டரோடு, கட்டணமின்றி, பத்தாண்டுகளுக்கு. தொடக்கச் செலவு 82 லட்சம் டாலர். மாவட்டமும் நகரமும் அறக்கட்டளைகளும் பங்கு போட்டுக் கொடுத்தன. அதே மாதங்களில் நாட்டின் மற்ற இடங்களில் பிள்ளைகள் உணவகங்களின் வண்டி நிறுத்தத்தில் உட்கார்ந்து அங்கிருந்து கசியும் வைஃபையில் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். சாட்டனூகாவில் வேலை விரைவாக நடந்ததற்குக் காரணம், வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்பது. முகவரிப் பட்டியலைப் பள்ளி கொடுத்தது, இணைப்பை வாரியம் கொடுத்தது.

அந்தப் பத்தாண்டு 2030இல் முடிகிறது. கண்ணாடி அதற்குப் பிறகும் நீண்ட காலம் கம்பத்தில் இருக்கும். அதன் கடனும் அதற்குள் பெருமளவு தீர்ந்திருக்கும். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அப்போது பள்ளிப்படிப்பு இன்னும் இரண்டாண்டு மீதி இருக்கும்.